பெரிய ஃபேன்டஸி ஃபுட்பால் லீகில் ஏல டிராஃப்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேன்டஸி ஃபுட்பால் என்றால், அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஆடுகிறவர்களை வைத்து நாமே ஒரு கற்பனை அணி கட்டி, நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப வாராவாரம் புள்ளி பெறும் விளையாட்டு; அந்த ஆட்களைப் பிரித்து எடுப்பதுதான் டிராஃப்ட். 14 பேர், 16 பேர் இருக்கும் லீகில் முதல்முறையாக ஏலத்தில் உட்காரப் போகிறவர்கள் ஆகஸ்ட் மாதம் வந்தால் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். உதாரணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்புதான்: 16 அணிகள், ஆளுக்கு 200 டாலர், அணிக்கு 15 இடம். களமிறங்கும் பத்து பேர் யாரென்றால் ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுகிறவர்), மூன்று ரிசீவர் (எறிந்ததைப் பிடிக்கிறவர்), ஒரு டைட் எண்ட் (தடுக்கவும் பிடிக்கவும் செய்கிறவர்), ஒரு ஃப்ளெக்ஸ் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரையும் போடலாம்), ஒரு கிக்கர், ஒரு டிஃபன்ஸ் (ஒரு என்எஃப்எல் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் மொத்தமாக). மிச்சம் ஐந்து இடம் பெஞ்ச். உங்கள் லீகின் அமைப்பு கொஞ்சம் மாறினாலும் கணக்கு போடும் முறை மாறாது.

ஏல டிராஃப்ட் என்றால் என்ன? ஸ்நேக் டிராஃப்ட்டிலிருந்து எதில் வேறு?

ஸ்நேக்கில் உங்களுக்கு ஒரு வரிசை எண் விழும், உங்கள் முறை வரும்போது மிச்சம் இருப்பவர்களில் ஒருவரை எடுப்பீர்கள், அடுத்த சுற்றில் வரிசை தலைகீழாகத் திரும்பும். 14ஆவது இடம் விழுந்துவிட்டால் நட்சத்திர ரிசீவர் ஜமார் சேஸை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஏலத்தில் அந்தத் தலையெழுத்து கிடையாது, யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், காசு இருக்க வேண்டும் அவ்வளவுதான். ஐபிஎல் ஏலம் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும்: ஒருவர் பெயர் மேடைக்கு வரும், வேண்டியவர்கள் ஏற்றிக்கொண்டே போவார்கள், கடைசியாகக் கேட்டவருக்கு ஆட்டக்காரர். 2025 சீசனுக்கான ஏலத்தில் லக்னோ அணி 120 கோடி பட்ஜெட்டில் 27 கோடியை ரிஷப் பந்த் ஒருவருக்கே கொடுத்தது, நம் 200 டாலருக்கு அது 45 டாலர். ஃபேன்டஸி ஃபுட்பாலில் முதல் வரிசை ரன்னிங் பேக் அதையும் தாண்டி 55, 60 என்று போவது சகஜம்.

இந்த 200 டாலர் நிஜப் பணம் இல்லை, ஏலத்துக்கு மட்டுமான கற்பனைப் பணம். குறைந்தபட்சக் கேள்வி 1 டாலர். ஏலம் முடிந்தபின் மிஞ்சியது பெரும்பாலான லீக்குகளில் எதற்கும் உதவாது. ஈஎஸ்பிஎன், யாஹூ தளங்களில் இதை ‘சாலரி கேப் டிராஃப்ட்’ என்ற பெயரில் தேட வேண்டும், ஆட்டம் அதேதான்.

‘பெரிய லீக்’ என்றால் எத்தனை பேர்? 10 பேர் லீகில் ஆடிய அனுபவம் போதாதா?

14 பேர் ஆனாலே பெரிய லீக்தான். அனுபவம் உதவும், ஆனால் அங்கே கற்றுக்கொண்ட சில வழக்கங்களை இங்கே கொண்டுவந்தால் அடி விழும். ஏன் என்று எண்ணிப் பாருங்கள். 10 பேர் லீகில் ஏலம் போகிறவர்கள் 150 பேர். 16 பேர் லீகில் 240 பேர். அங்கே யாரும் எடுக்காமல் வேவரில் (யார் அணியிலும் இல்லாத, சீசன் நடுவில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்களின் பட்டியல்) சும்மா கிடக்கும் அந்த 90 பேர் இங்கே யாரோ ஒருவரின் பெஞ்சில் இருப்பார்கள்.

இன்னொரு பக்கம், என்எஃப்எல்லில் இருப்பதே 32 அணிகள். நம் லீகில் ஆளுக்கு இரண்டு ரன்னிங் பேக் என்றால் அதற்கே 32 பேர் வேண்டும், ஃப்ளெக்ஸில் போடுகிறவர்கள் தனி. பாதி என்எஃப்எல் அணிகள் இன்று ஓட்ட வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. டெட்ராய்ட்டில் கிப்ஸ், மான்ட்கோமரி இருவருமே உருப்படியாகப் புள்ளி கொடுத்தார்கள், அது அபூர்வம். மற்ற இடங்களில் பிரித்துக் கொடுத்தால் இருவருமே அரைகுறைதான். ஆக, முழு வேலை பார்க்கும் ரன்னிங் பேக் எல்லாருக்கும் இரண்டு வராது, கணக்கே இடிக்கும்.

இரண்டு சூப்பர் ஸ்டார்களை வாங்கிவிட்டு மிச்சத்தை ஒரு டாலர், இரண்டு டாலர் ஆட்களால் நிரப்பலாமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 10 பேர் லீகில் தாராளமாகச் செய்யுங்கள், 16 பேர் லீகில் செய்யாதீர்கள்.

இந்த வழிக்கு அமெரிக்காவில் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்க்ரப்ஸ்’ என்று பெயர். சின்ன லீகில் இது வேலை செய்யக் காரணம் அந்த ஸ்டார்கள் மட்டும் இல்லை, ஒரு டாலர் ஆட்களும்தான். அங்கே ஒரு டாலருக்கு வருகிறவர் ஏதோ ஒரு என்எஃப்எல் அணியின் இரண்டாவது ரிசீவராக இருப்பார், வாரம் எட்டு, ஒன்பது புள்ளி தருவார். சரிவரவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேவரிலிருந்து அதே தரத்தில் இன்னொருவரை எடுக்கலாம். 16 பேர் லீகில் ஒரு டாலருக்கு வருகிறவர் மூன்றாவது வரிசை ரன்னிங் பேக், அல்லது ஆட்டத்துக்கு இரண்டு முறை பந்து வரும் நான்காவது ரிசீவர். வேவரைத் திறந்து பார்த்தால் அதைவிட மோசம். 68, 62 என்று இருவருக்கே 130 கொடுத்துவிட்டால் மிச்சம் 13 இடத்துக்கு 70 டாலர். அதில் குவார்ட்டர்பேக், டைட் எண்ட் எடுத்தபின் இரண்டாவது ரன்னிங் பேக் இடத்திலும் மூன்றாவது ரிசீவர் இடத்திலும் ஆளே இல்லாத மாதிரிதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இறங்குவீர்கள்.

காயம் வேறு இருக்கிறது. 2024இல் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரிதான் பெரும்பாலான பட்டியல்களில் முதல் பெயர், ஆடியது நான்கே ஆட்டம். அதற்கு முந்தைய வருடம் நிக் சப் இரண்டாவது வாரத்திலேயே முழங்கால் போய் சீசனை முடித்துக்கொண்டார். காயம் எல்லா லீகிலும் வரும், ஆனால் சின்ன லீகில் அந்த ஓட்டையை அடைக்க வேவர் இருக்கிறது. பெரிய லீகில் 68 டாலர் ஆள் போனால் அந்த இடம் போனதுதான்.

எதிர்வாதமும் உண்டு. அதே 2024இல் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி ஈகிள்ஸ் அணிக்கு வந்து 2,005 கெஜம் ஓடினார், ஜமார் சேஸ் 127 கேட்ச், 1,708 கெஜம், 17 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்) என்று மூன்றிலும் முதலிடம் பிடித்தார். அப்படிப்பட்டவர் கையில் இருந்தால் லீகையே தூக்கிக்கொடுப்பார் என்பது உண்மை. அதனால்தான் ஸ்டாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் போதும். அவருக்கு 45, 50 கொடுங்கள். அப்புறம் 18 முதல் 32 டாலர் வரையில் மூன்று, நான்கு பேர், அந்த விலை வட்டத்தில்தான் பெரிய லீகின் ஏலம் ஜெயிக்கப்படுகிறது. எல்லார் கண்ணும் மேலே இருப்பவர்கள் மேல் இருக்கும், வாராவாரம் மைதானத்தில் நின்று 15 முறை பந்தைத் தொடுகிற ஆட்களை யாரும் ஆசையாகக் கேட்பதில்லை.

200 டாலரை எப்படிப் பிரிப்பது?

நம் அமைப்புக்கு நான் போடும் கணக்கு: இரண்டு ரன்னிங் பேக், மூன்று ரிசீவர், ஒரு ஃப்ளெக்ஸ் ஆகிய ஆறு இடங்களுக்கும் சேர்த்து 160. குவார்ட்டர்பேக் 12, டைட் எண்ட் 10, கிக்கர் 1, டிஃபன்ஸ் 1, பெஞ்ச் ஐவருக்கும் சேர்த்து 16. ஆறு பேருக்கான 160ஐ 46, 32, 28, 24, 18, 12 என்று வைத்துக்கொள்ளலாம்.

இது கல்லில் செதுக்கியது இல்லை. முதல் ஆள் 46க்குப் பதில் 51க்குப் போனால் உடனே, அந்த நிமிடமே, எந்த இடத்திலிருந்து ஐந்து டாலரை எடுக்கிறீர்கள் என்று எழுதிவிட வேண்டும். ‘பின்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் அந்த ஐந்து டாலர் ஐந்து இடத்தில் கசியும்.

விலைப்பட்டியல் எங்கே கிடைக்கும்? இணையத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

அப்படியே எடுக்கக் கூடாது. தளங்களில் போடும் ஏல விலை பெரும்பாலும் 10 அல்லது 12 பேர் லீகுக்கானது. புள்ளிக் கணிப்பை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு விலையை நீங்களே போடுங்கள், ஒரு மாலைப் பொழுது போதும்.

முறை இதுதான். ஒவ்வொரு இடத்துக்கும் ‘மாற்று ஆள்’ யார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், அதாவது லீகில் இறங்குகிறவர்களில் கடைசி ஆள். 12 பேர் லீகில் ரன்னிங் பேக்குக்கு அது ஏறத்தாழ 30ஆவது ஆள், 16 பேர் லீகில் ஏறத்தாழ 40ஆவது ஆள். ஒருவரின் கணிப்புப் புள்ளியிலிருந்து அந்த மாற்று ஆளின் புள்ளியைக் கழித்தால் வருவதுதான் அவருடைய உண்மையான மதிப்பு. ஜோ பிரையன்ட் பிரபலப்படுத்திய ‘வேல்யூ பேஸ்டு டிராஃப்டிங்’ என்பதன் அடிப்படை இதுவே.

இப்போது அதை டாலராக்க வேண்டும். 16 பேருக்கு 200 வீதம் மொத்தம் 3,200 டாலர். 240 இடத்துக்கும் ஆளுக்கு ஒரு டாலர் கட்டாயம் போகும், மீதி 2,960. எல்லா ஆட்டக்காரர்களின் மதிப்புப் புள்ளியையும் கூட்டினால் 7,400 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,960ஐ 7,400ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 40 சென்ட். மாற்று ஆளைவிட 150 புள்ளி அதிகம் தருகிறவருக்கு 60, கூட அந்த ஒரு டாலர், ஆக 61. 50 புள்ளி அதிகம் தருகிறவருக்கு 21.

உங்கள் லீகின் புள்ளி விதியை ஒருமுறை சரிபார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள். ஒரு கேட்சுக்கு ஒரு புள்ளி தரும் பிபிஆர் லீகில் ரிசீவர்கள் மேலே ஏறுவார்கள், கேட்சுக்கு எதுவுமே தராத லீகில் ரன்னிங் பேக்குகள் ஏறுவார்கள். விதியைப் பார்க்காமல் விலை போடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

குவார்ட்டர்பேக்குக்கு எவ்வளவு?

ஒரே ஒரு குவார்ட்டர்பேக் இறங்கும் லீக் என்றால் அடக்கி வாசியுங்கள். 16 பேருக்கு 16 பேர் போதும், என்எஃப்எல்லில் 32 பேர் தொடங்குகிறார்கள், பஞ்சம் இல்லை. 2024இல் பேக்கர் மேஃபீல்ட் 41 டச்டவுன் எறிந்தார். சாம் டார்னல்ட் கதை இன்னும் தெளிவு: ஆகஸ்டில் மினசோட்டாவின் புது ஆள் ஜே.ஜே. மெக்கார்த்திக்கு முழங்கால் காயம் ஆனதும் அந்த இடம் முழுசாக டார்னல்ட் கைக்கு வந்தது, 35 டச்டவுன், 4,319 கெஜம் என்று முடித்தார். இருவருக்குமே ஏலங்களில் சண்டை நடக்கவில்லை. ஜாஷ் ஆலன், லமார் ஜாக்சன் மாதிரி ஓடவும் செய்கிறவர்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு, ஆனால் அவர்களுக்கு 30 கொடுத்தால் ஆறு இடத்துக்கான 160லிருந்துதான் அது போகிறது.

சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக் என்றால் மேலே சொன்ன அத்தனையும் மறந்துவிடுங்கள். ஃப்ளெக்ஸ் இடத்தில் இரண்டாவது குவார்ட்டர்பேக் போடலாம் என்றால் 16 பேருக்கு 32 குவார்ட்டர்பேக் வேண்டும், என்எஃப்எல்லில் இருப்பதும் சரியாக 32. ஒருவர் பெஞ்சுக்கு மூன்றாவது ஆளை எடுத்துவிட்டாலே யாரோ ஒருவருக்கு இரண்டாவது ஆள் கிடையாது. அங்கே குவார்ட்டர்பேக்குதான் தங்கம். வேலை பறிபோகாது என்று உறுதியான இருவரை, வயிறு எரிந்தாலும், பட்டியல் விலைக்கு மேல் ஐந்து, ஆறு கொடுத்தாவது எடுத்துவிடுங்கள்.

டைட் எண்ட்?

ஒன்று முதல் மூவரில் ஒருவரைத் துணிந்து எடுங்கள், இல்லையென்றால் பத்து டாலருக்குள் முடியுங்கள். நடுவில் 18, 20 கொடுப்பதில் பலன் குறைவு, ஐந்தாவது ஆளுக்கும் பன்னிரண்டாவது ஆளுக்கும் வித்தியாசம் டச்டவுன் அதிர்ஷ்டம்தான். புதுமுகங்களை டைட் எண்டில் நம்பக் கூடாது என்று ஒரு பழைய பேச்சு இருந்தது. 2023இல் சாம் லபோர்டா, 2024இல் 112 கேட்ச் பிடித்த பிராக் பவர்ஸ் இருவரும் அதை உடைத்துவிட்டார்கள்.

கிக்கர், டிஃபன்ஸ்?

ஆளுக்கு ஒரு டாலர். இரண்டு டாலர் கேட்காதீர்கள்.

முதலில் யார் பெயரைச் சொல்வது?

உங்கள் முறை வரும்போது நீங்கள் சொல்லும் பெயர் ஏலத்துக்கு வரும், அதை வீணடிக்காதீர்கள். தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டாத, ஆனால் மற்றவர்கள் துடிக்கும் பெயரைச் சொல்லுங்கள். போன சீசனில் கலக்கியவர், 30 வயதை நெருங்கும் ரன்னிங் பேக், டிவியில் நாள் முழுக்கப் பேசப்படும் புதுமுகம் எல்லாரும் இதற்குத் தோது. லீகில் பாதிப் பேர் டல்லஸ் ரசிகர்கள் என்றால் கௌபாய்ஸ் ரிசீவர் பெயரை முதல் சுற்றிலேயே இறக்குங்கள். அந்தக் காசு போனால் நீங்கள் ஆசைப்படும் ஆளுக்கு எதிரே நிற்க ஒருவர் குறைவு.

இதில் ஒரு விதிவிலக்கை எல்லாரும் மறக்கிறார்கள். ஒரே தரத்தில் ஐந்தாறு பேர் இருக்கும் அடுக்கில் உங்களுக்கு ஒருவர் வேண்டும் என்றால் அந்த அடுக்கின் முதல் பெயரை நீங்களே சீக்கிரம் சொல்லலாம். ஆறு பேர் இருக்கும் அடுக்கில் முதல் மூன்று, நான்கு பேர் இறங்குமுகமான விலைக்குப் போவார்கள், ‘இன்னும் ஆள் இருக்கிறார்களே’ என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஐந்தாவது ஆள் வரும்போது பதற்றம் தொடங்கும். ஆறாவது ஆள், அடுக்கிலேயே மட்டமானவர், முதல் ஆளைவிட அதிக விலைக்குப் போவதைப் பார்க்கலாம். எனவே மூன்றாவது, நான்காவது ஆளில் வாங்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள், கடைசி ஆளுக்காகக் காத்திருக்கவே கூடாது.

எனக்கு வேண்டாத ஆளை ஏற்றிவிடலாமா?

ஏற்றலாம், ஒரே நிபந்தனை: உங்கள் தலையில் கட்டினாலும் சந்தோஷமாக வைத்துக்கொள்ளும் விலை வரைக்கும்தான். பட்டியலில் 40 போட்ட ஆள் 27இல் நின்றால் 28 கேளுங்கள், விழுந்தால் லாபம். 38இல் நின்றால் கையை எடுத்துவிடுங்கள். ‘அவனுக்கு இவ்வளவு சல்லிசாகப் போகவிடக் கூடாது’ என்று வீம்புக்குக் கேட்டு, தேவையில்லாத மூன்றாவது குவார்ட்டர்பேக்கோடு உட்கார்ந்திருப்பவர்கள் பெரிய லீகில் எழவே முடியாது, ஏனென்றால் 16 பேரும் நன்மை அடையும் வேலையை அவர் ஒருவர் காசில் செய்திருக்கிறார்.

மற்றவர்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

கட்டாயம். எனக்கு இதுதான் ஏலத்தின் உயிர், ஆட்டக்காரர் ஆராய்ச்சி இதற்கு அப்புறம்தான்.

ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு கேட்க முடியும் என்பதற்குச் சூத்திரம் சின்னது: கையிருப்பிலிருந்து, காலி இடங்களில் ஒன்று குறைத்து வரும் எண்ணைக் கழிக்க வேண்டும். 84 டாலர், 9 காலி இடம் என்றால் 84இல் 8 போக 76. பெரும்பாலான தளங்கள் இதைத் திரையிலேயே காட்டும். காட்டாத ஒன்றுதான் முக்கியம்: யாருக்கு எந்த இடம் காலி. ஒரு தாளில் 16 பெயரையும் எழுதி, பக்கத்தில் கு, ர, ரி, டை என்று கட்டம் போட்டு, ஆள் எடுக்க எடுக்க அடித்துக்கொண்டே போங்கள். பாதி ஏலத்தில் அந்தத் தாளைப் பார்த்தால், நல்ல ரன்னிங் பேக் நான்கு பேர் மிச்சம், ரன்னிங் பேக் தேவைப்படுகிறவர்கள் ஏழு பேர், அதில் 20க்கு மேல் கேட்க முடிந்தவர்கள் மூன்று பேர் என்று பளிச்சென்று தெரியும். அந்த மூவரில் நீங்கள் ஒருவராக இருந்தால் அவசரமே இல்லை. இல்லையென்றால் இப்போதே கேட்டு முடித்துவிட்டு ரிசீவர் பக்கம் போக வேண்டும்.

முதலில் செலவழிப்பது நல்லதா, காசைப் பிடித்துவைத்துக் கடைசியில் அள்ளுவதா?

கடைசியில் அள்ள ஒன்றும் இருக்காது, பெரிய லீகின் சாபம் அது. 10 பேர் லீகில் பொறுமையாக இருந்தவருக்கு நல்ல ஆட்கள் சல்லிசாகக் கிடைப்பார்கள். இங்கே 90, 100 பேர் போனதுமே உருப்படியாக ஆடுகிறவர்கள் தீர்ந்துவிடுவார்கள். 60 டாலரோடு காத்திருந்தவர் 9 டாலர் பெறுமானமுள்ள ஆளை 22க்கு வாங்கிக்கொண்டிருப்பார், வேறு வழி இல்லாமல்.

முதல் பதினைந்து, இருபது பெயர்களுக்குக் கூட்டம் சூடாக இருக்கும், பட்டியல் விலையைவிட மேலே போகும். அதற்குப் பின் ஒரு மந்தம் வரும், பெரிய தொகை கொடுத்தவர்கள் எல்லாரும் மூச்சு வாங்குவார்கள். 25ஆவது பெயரிலிருந்து 80ஆவது பெயர் வரை உள்ள அந்த நேரத்தில்தான் உங்கள் காசில் பெரும்பகுதி போக வேண்டும்.

முதல் மூன்று பெயர்களைக் கவனமாகப் பாருங்கள். சில சமயம் முதல் ஆள் பட்டியல் விலைக்குக் கீழேயே போவார், எல்லாரும் இன்னும் நிதானத்துக்கு வரவில்லை, ‘ஆரம்பத்திலேயே காசை விடுவானேன்’ என்று தயங்குவார்கள். அப்போது கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசி ஒரு டாலர், இரண்டு டாலர் கட்டத்தில் என்ன செய்வது?

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் 7 டாலர், 3 இடம், அதாவது அதிகபட்சம் 5. எதிரே மூவர்தான் இன்னும் ஆள் எடுக்க வேண்டும். முதலாமவர் 4 டாலர், 4 இடம், அவரால் 1தான் கேட்க முடியும். இரண்டாமவர் 3 டாலர், 2 இடம், அதிகபட்சம் 2. மூன்றாமவர் 6 டாலர், 2 இடம், அதிகபட்சம் 5, ஆனால் அவருக்கு வேண்டியது கிக்கரும் டிஃபன்ஸும் மட்டும்.

உங்களுக்குப் பிடித்த ஒரு பேக்கப் ரன்னிங் பேக் இன்னும் இருக்கிறார், பெயர் சொல்லும் முறை உங்களுடையது. 1 டாலரில் தொடங்கினால் இரண்டாமவர் 2 என்பார், நீங்கள் 3க்குப் போக வேண்டும். 2 டாலரிலேயே தொடங்கினால் முதலாமவரால் வாயைத் திறக்க முடியாது, இரண்டாமவருக்கு 3 கேட்கத் திராணி இல்லை, மூன்றாமவருக்கு அந்த இடமே தேவையில்லை. 2 டாலருக்கு ஆள் உங்களுடையவர், ஒரு டாலர் மிச்சம், அந்த ஒரு டாலர் அடுத்த ஆளுக்கு இதே வேலையைச் செய்யும். கடைசி ஐந்து இடங்களுக்கு வரும்போது கையில் பத்துப் பன்னிரண்டு டாலராவது இருக்கட்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

பெஞ்சில் யாரை வைப்பது? என் ரன்னிங் பேக்கின் பேக்கப்பை வாங்க வேண்டுமா?

சின்ன லீகில் வேண்டாம், பெரிய லீகில் வேண்டும். மெக்காஃப்ரி 2024இல் முதல் வாரமே இறங்கவில்லை என்றதும் அவர் இடத்தில் வந்த ஜார்டன் மேசன் ஜெட்ஸ் அணிக்கு எதிராக 147 கெஜம் ஓடினார். 10 பேர் லீகில் மேசன் அன்று வேவரில் இருந்திருப்பார், ஓடிப்போய் எடுத்திருக்கலாம். 16 பேர் லீகில் அவர் ஏற்கெனவே யாருடைய பெஞ்சிலாவது இருப்பார், அந்த ஆள் உங்களிடம் நல்ல விலை பேசுவார். உங்கள் 46 டாலர் ஆளுக்கு 3 டாலரில் காப்பு எடுப்பது தப்பே இல்லை.

மிச்ச இடங்களில் வயதான, ‘வாரம் ஆறு புள்ளி நிச்சயம்’ ரகத்தை அடைக்காதீர்கள். ஒரு காயம் ஏற்பட்டால் முழு வேலையும் கைக்கு வரும் நிலையில் இருக்கும் இளைஞர்களை எடுங்கள். பை வீக்குக்கு (ஒரு என்எஃப்எல் அணிக்கு ஆட்டமே இல்லாத ஓய்வு வாரம்) மட்டும் ஒரு கண் வையுங்கள், பெரும்பாலும் ஐந்தாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் வரும். இரண்டு ரன்னிங் பேக்குக்கும் ஒரே வாரம் விழுந்தால் நிரப்ப ஆள் இருக்க மாட்டார், ஆனால் அதற்காக நல்ல ஆளை விடவும் கூடாது.

எங்கள் லீகில் சிலரைப் பழைய விலைக்கே வைத்துக்கொள்ளலாம். கணக்கு மாறுமா?

நிறைய மாறும். கீப்பர் லீகில் ஏலம் தொடங்கும் முன்பே விலைவாசி ஏறியிருக்கும். வைத்துக்கொண்டவர்களுக்குப் போன மொத்தச் சம்பளம் 800, ஆனால் உங்கள் பட்டியல்படி அவர்களின் மதிப்பு 1,200 என்று வையுங்கள். 3,200இல் 800 போனால் மேசையில் காசு 2,400. மதிப்பு 3,200இல் 1,200 போனால் மிச்சம் 2,000. 2,400ஐ 2,000ஆல் வகுத்தால் 1.2. அதாவது பட்டியலில் 50 டாலர் ஆள் இப்போது 60 டாலர். இந்தப் பெருக்கலைச் செய்யாமல் வந்தவர் ஒவ்வொரு பெயருக்கும் ‘அநியாய விலை’ என்று பின்வாங்கிக்கொண்டே இருப்பார், கடைசியில் காசு மட்டும் மிஞ்சும்.

ஏலத்துக்கு முன்னால் வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

16 பேர் ஏலம் மூன்று, நான்கு மணி நேரம் ஓடும். லேப்டாப்பில் உட்காருங்கள், போனில் வேண்டாம், கடைசி விநாடியில் விரல் தவறினால் போச்சு. உங்கள் தளத்திலேயே ஒன்றிரண்டு மாதிரி ஏலம் ஆடிப் பாருங்கள், விலைக்காக இல்லை, பொத்தான் எங்கே இருக்கிறது, கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழக. காலையில் ஒருமுறை காயச் செய்தி பாருங்கள். சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுங்கள், சூடான நேரத்தில் எழுந்து போனவர் இடத்தில் தளமே தானாக ஆள் எடுக்கும்.

ஏலம் முடிந்தது. அப்புறம்?

அன்றிரவே வேவரை ஒருமுறை அலசுங்கள். பெரிய லீகில் அங்கே பெயர்கள் பஞ்சம்தான், ஆனாலும் வரும். 2023இல் ராம்ஸ் அணி என்எஃப்எல் டிராஃப்ட்டின் ஐந்தாவது சுற்றில் எடுத்த பூகா நகூவாவையும், அதே அணியின் கைரன் வில்லியம்ஸையும் ஃபேன்டஸி டிராஃப்ட் நேரத்தில் அநேகமாக யாரும் பொருட்படுத்தவில்லை. நகூவா 105 கேட்ச், 1,486 கெஜம் என்று புதுமுகச் சாதனை படைத்தார், வில்லியம்ஸ் 12 ஆட்டத்தில் 1,144 கெஜம் ஓடினார். இருவரும் யாரென்று முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

பல லீகில் வேவருக்கும் தனியாக 100 டாலர் தருவார்கள், மூடிய கேள்வி முறையில், யார் எவ்வளவு எழுதினார்கள் என்று முடிவு வரும்வரை தெரியாது. சின்ன லீகில் அதை டிசம்பர் வரை நீட்டி நீட்டிச் செலவழிக்கலாம். 16 பேர் லீகில் முழு நேர வேலை கிடைத்த ஒருவர் முதல் மூன்று வாரத்தில் வேவரில் தென்பட்டால் 50, 60 எழுதுங்கள். நவம்பரில் அந்தக் காசுக்கு அங்கே ஆள் இருக்க மாட்டார்.